கழலக் கூடாத நட், கழற்ற முடியாத நட்

ஹட்டன் நகரில் இரும்புச் சாமான் கடையொன்றில் நான் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் குடிநீர்க் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து, "அண்ணே, நல்ல லொக் நட்டா எட்டு குடுங்க, தண்ணித் தொட்டி மூடிய யாரோ கழட்டிக்கிட்டே இருக்காங்க" என்று கேட்டார். கடைக்காரரும் உள்ளே நீல நிற நைலோன் வளையம் பதித்த எட்டு நட்டுகளை எண்ணிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். ஆனால் அந்த நட்டு அந்த வேலைக்கு ஆகாது. "தம்பி, இதைக் கழற்ற 13ஆம் இலக்க ஸ்பேனர் ஒன்று போதும், மூடியைக் கழற்றுகிறவர் கையில் இருப்பதும் அதே ஸ்பேனர்தான்" என்று நான் சொன்னதும், அவர் திரும்பிப் பார்த்து, "அப்ப எதுக்கு லொக்குனு பேர் வச்சிருக்காங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்த பிறகும் இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே பொறுமையாக எழுதுகிறேன்.

லொக் என்றதும் நம் மனதில் வருவது கதவில் தொங்கும் பூட்டு. பட்டறையில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. லொக் நட் என்பது தானாகக் கழலாமல் இருக்கச் செய்யப்பட்ட நட்டு. அதன் எதிரி அதிர்வு. மனிதர் கை கழற்றாமல் இருக்கச் செய்யப்பட்ட நட்டு வேறொன்று. அதைக் கடைகளில் செக்கியூரிட்டி நட் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், இக்கட்டுரையில் அதைக் காவல் நட் என்று குறிப்பிடுகிறேன். அதிர்வைத் தாங்குகிற நட்டு கைக்கு எளிதில் இணங்கும். கைக்கு இணங்காத நட்டு அதிர்வில் தானே தளர்ந்துவிடலாம். எனவே ஒரு நட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இதைக் கழற்றப் போவது ஆட்டமா, ஆளா என்பதுதான்.

நட்டு எப்படிப் பிடித்துக்கொள்கிறது

நட்டு இறுகினால் போல்ட் அசையாமல் நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், நட்டை முறுக்கும்போது போல்ட் இழுபட்டு மயிரளவு நீளுகிறது. மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஸ்பிரிங் தராசில் சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இழுபட்டு, பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறதல்லவா, போல்ட்டும் அப்படிப்பட்ட ஒரு ஸ்பிரிங்தான்; மிக மிக விறைப்பான ஸ்பிரிங் என்பது மட்டுமே வித்தியாசம். அது சுருங்கத் துடிப்பதால் போல்ட் இணைக்கும் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று நெரிபடுகின்றன. அந்த நெரிப்புதான் இணைப்பைத் தாங்குகிறது. இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஸ்பேனரில் நாம் செலுத்தும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே போல்ட்டை இழுக்கப் பயன்படுகிறது. மீதி முழுவதும் மரைகளுக்கு (போல்ட்டிலும் நட்டிலும் சுற்றிச் செல்லும் வரிகளுக்கு) இடையிலும் நட்டின் அடிப்பரப்பிலும் உராய்வாகச் செலவாகிறது. கை வலிக்க முறுக்கியதால் மட்டும் போல்ட் போதிய அளவு இழுபட்டுவிட்டது என்று கொள்ள முடியாததற்கும், துருப்பிடித்த மரையில் அதே முறுக்கு பாதிப் பயனைக்கூடத் தராமல் போகலாம் என்பதற்கும், எண்ணெய் பூசிய மரையில் அதே முறுக்கு போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்து அறுத்துவிடலாம் என்பதற்கும் இதுவே காரணம்.

அந்த உராய்வுதான் நட்டைத் திரும்பவிடாமல் நிறுத்தியும் வைக்கிறது. ஒரு செங்கோண முக்கோணக் காகிதத்தை வெட்டி பென்சிலைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். சாய்ந்த ஓரம் மரையாக மாறும். மரை என்பது தண்டைச் சுற்றி வளைந்த ஒரு சரிவு, அவ்வளவுதான். எம் 10 அளவுள்ள, அதாவது 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள, சாதாரண போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர், மரையின் நடுவில் சுற்றளவு சுமார் 28 மில்லிமீற்றர், ஆகவே சரிவு ஏறத்தாழ 3 பாகை மட்டுமே. இவ்வளவு சிறிய சரிவில் இரும்பின் மீது இரும்பு தானாக வழுக்குவதில்லை. லொறியின் பலகைத் தளம் சற்றே சாய்ந்திருந்தாலும் கொழுந்துச் சாக்கு அசையாமல் கிடப்பதைப் போல நட்டும் கிடக்கும். ஆனால் லொறி ஓடத் தொடங்கி, பலகை பக்கவாட்டில் குலுங்கினால் என்ன நடக்கிறது? யாரும் தள்ளாமலே சாக்கு மெல்ல மெல்லச் சரிவின் அடிக்கு வந்துவிடுகிறது. பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கிய பொருளுக்கு, சரிவில் இறங்காமல் தடுக்கும் உராய்வு அந்தக் கணத்தில் மிஞ்சுவதில்லை என்பதே அதன் காரணம்.

நட்டு கழல்வதும் இப்படியே. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் இழுத்து விடுவதைக் காட்டிலும், இணைத்த தகடுகளைப் போல்ட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் வழுக்கச் செய்வதே நட்டை வெகு விரைவில் கழற்றுகிறது என்பது அவருடைய முடிவு. அவர் வகுத்த சோதனையைக் கொண்டே இன்றும் நட்டுகளையும், அவற்றுக்கு அடியில் இடும் வளையங்களான வாசர்களையும் மதிப்பிடுகிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் தொழிற்சாலையின் சலிக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வந்தது. காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கும் அந்தச் சல்லடை, நாள் முழுவதும் பக்கவாட்டில் மட்டுமே ஆடிக்கொண்டிருக்கும். உலர்த்தியில் கழலாத நட்டும், உருட்டும் இயந்திரத்தில் கழலாத நட்டும், சல்லடையின் தாங்கு கால்களில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை தளர்ந்துவிடும் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இதிலிருந்து பெறப்படும் செய்தி எளியது. தகடுகள் வழுக்காத அளவுக்கு நெரிப்பு இருந்தால் சாதாரண நட்டே நெடுங்காலம் நிற்கும். குட்டையான போல்ட்டைவிட நீளமான போல்ட் அதிகம் இழுபடும். ஆகவே பெயின்ற் படலமோ துருவோ நசுங்கித் தடிப்புச் சற்றுக் குறைந்தாலும் அதன் இழுவிசை முழுவதும் போய்விடாது. இணைப்புக்கு நடுவில் ரப்பரையோ தடித்த பெயின்றையோ வைத்துவிட்டு நட்டைக் குறை சொல்வதில் பயனில்லை. லொக் நட்டைத் தேடுவதற்கு முன் இவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

அதிர்வுக்கு எதிரான நட்டுகள்

நம் ஊரில் அதிகம் நம்பப்படுவது ஸ்பிரிங் வாசர். ஓரிடத்தில் வெட்டி, சற்று முறுக்கிவிட்ட வளையம் அது. நட்டை முழுமையாக இறுக்கியதும் அது தட்டையாகி, சாதாரண வாசரைப் போலவே ஆகிவிடுகிறது. யுங்கர் முறைச் சோதனையில் ஸ்பிரிங் வாசர் போட்ட இணைப்பும் போடாத இணைப்பும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் தளர்கின்றன. இலேசான வேலைகளில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆடும் இயந்திரத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இறுக்கும் செக் நட் முறை நல்ல முறை, ஆனால் பெரும்பாலும் தலைகீழாகச் செய்யப்படுகிறது. தடித்த நட்டை முதலில் போட்டு, மெல்லிய நட்டை மேலே காவலுக்கு வைப்பதே பலரின் வழக்கம். மெல்லியது தகட்டை ஒட்டிக் கீழேயும், தடித்தது மேலேயும் இருக்க வேண்டும். மேல் நட்டைக் கீழ் நட்டின்மீது இறுக்கும்போது போல்ட்டின் இழுவிசை முழுவதையும் மேல் நட்டே ஏற்றுக்கொள்கிறது. சுமையை ஏற்பது பலசாலியாக இருக்க வேண்டுமல்லவா? மெல்லிய நட்டை அளவாக இறுக்கி, அது திரும்பாதபடி ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, தடித்த நட்டை இன்னொரு ஸ்பேனரால் முழு விசையுடன் இறுக்க வேண்டும். ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அப்படிச் செய்த செக் நட் பெயருக்குத்தான் செக் நட்.

நைலோன் வளையம் பதித்த நட்டு இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. வளையத்தின் உள்விட்டம் போல்ட்டின் மரையைவிடச் சிறியது. போல்ட் உள்ளே நுழையும்போது நைலோனை நெரித்துத் தனக்கான வழியை அழுத்திக்கொள்கிறது. நைலோன் திருப்பி நெரிக்கிறது. அதனால் நெரிப்பு முற்றாகப் போய்விட்டாலும் நட்டு போல்ட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே ஒரு நுணுக்கம் உள்ளது: இந்த நட்டு இணைப்பை இறுக்கமாகவே வைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நட்டு கழன்று கீழே விழாது என்பதற்கே உத்தரவாதம். ஊஞ்சல், கதவுக் கீல், சக்கர நாற்காலி போன்று, முழுதாக இறுக்காமல் சற்று அசைய விட வேண்டிய மூட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான நட்டு இல்லை. போல்ட்டின் முனை நைலோனைத் தாண்டிக் குறைந்தது இரண்டு மரைகளாவது வெளியே தெரிய வேண்டும். முனை நைலோனுக்குள்ளேயே நின்றுவிட்டால் அது சாதாரண நட்டைவிட மேலானதல்ல. ஒருமுறை கழற்றிய நட்டை மீண்டும் போடும்போது, நைலோனுக்குள் விரலாலேயே திருக முடிகிறதென்றால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். சில்லறைக் காசைப் பார்த்து இயந்திரத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

நைலோனுக்கு வெப்பம் ஆகாது. சுமார் 120 பாகை செல்சியஸ் வரைதான் அது தாங்கும். தேயிலை உலர்த்தியினுள் செல்லும் சூடான காற்று 100 பாகைக்கு அருகில் இருக்கும். விறகு எரியும் அடுப்பின் கதவும் புகைபோக்கியும் அதைவிடப் பல மடங்கு சூடேறும். அத்தகைய இடங்களில் முழுவதும் உலோகத்தாலான லொக் நட்டையே போட வேண்டும். அதன் மேற்பகுதியை நீள்வட்டமாகவோ மூன்று பக்கங்களிலோ இலேசாக நசுக்கிவைத்திருப்பார்கள். அந்த நசுங்கல்தான் மரையைப் பிடிக்கும். பார்க்கச் சாதாரண நட்டைப் போலவே இருக்கும். விரலால் இரண்டு சுற்றுச் சுற்றியதும் இறுகிக்கொண்டு நிற்பதுதான் அதன் அடையாளம். மரை கெட்ட நட்டு என்று நினைத்துப் புதியதைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உயிருக்குப் பொறுப்பான இடங்களில் நிற்பது காசல் நட். கோட்டை மதிலின் முகப்பைப் போல மேற்புறத்தில் ஆறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். போல்ட்டின் குறுக்கே துளை ஒன்று இருக்கும். பள்ளத்தின் வழியாக ஸ்பிளிட் பின் என்னும் இரட்டைக் கால் கம்பியைச் செலுத்தி, இரு கால்களையும் விரித்து மடித்துவிட்டால், நட்டு தளர்ந்தாலும் திரும்ப வழியில்லை. வாகனங்களின் ஸ்டியரிங் மூட்டுகளிலும் சக்கர அச்சு முனைகளிலும் இதைக் காணலாம். இறம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு முச்சக்கர வண்டி, ஒரு சிறு கம்பித் துண்டை நம்பித்தான் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். துளையும் பள்ளமும் நேராக வராவிட்டால், இறுக்கமாக இருக்க வேண்டிய மூட்டில் நட்டை அடுத்த பள்ளம் வரை முன்னோக்கி இறுக்குவதே முறை. பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. சக்கர பெயாரிங்கைச் சரிசெய்யும் நட்டு மட்டும் இதற்கு விலக்கு. அங்கே எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்பதை வாகனத்தின் கைநூலே சொல்லும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதும், அதற்குப் பதிலாக ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகுவதும் நான் கண்டிப்பாக மறுக்கும் பழக்கங்கள். மடித்து நிமிர்த்திய கம்பி உள்ளுக்குள் ஏற்கெனவே பாதி ஒடிந்திருக்கும்.

அடிப்புறம் பல் வெட்டிய அகன்ற நட்டு, தகட்டைக் கடித்துப் பிடிக்கும். பெயின்ற் பூசிய பரப்பைச் சுரண்டித் துருவுக்கு வழி திறக்கும் என்பதால் வெளிப்புற வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சோடி வாசர் ஒன்றும் உள்ளது: இரண்டு வாசர்களின் உட்புறத்தில் மரையின் சரிவைவிடச் செங்குத்தான சரிவுகள் வெட்டியிருப்பதால், நட்டு திரும்ப முயன்றால் வாசர்கள் ஒன்றின்மீது ஒன்று ஏறிப் போல்ட்டை மேலும் இழுக்கும். விலை அதிகம், ஆனால் சல்லடை போன்ற இயந்திரத்துக்கு அந்த விலை தகும்.

மரைப் பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953இல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய லொக்டைட் இதில் முன்னோடி. காற்றோடு தொடர்பு இருக்கும்வரை திரவமாகவே இருந்து, மரைகளுக்கு இடையே காற்றில்லாமல் உலோகத்தோடு சேர்ந்ததும் கெட்டியாகிவிடும் தன்மை கொண்டது. நீல நிறம் சாதாரண ஸ்பேனரால் கழற்றக்கூடியது. சிவப்பு நிறத்தைக் கழற்றச் சுமார் 250 பாகை வரை சூடேற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் இதை ஊற்றினால் போத்தல்தான் காலியாகும்.

கைக்கு எதிரான நட்டுகள்

மேலே சொன்ன எந்த நட்டும், ஸ்பேனர் வைத்திருக்கும் ஒருவரை ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதிக்கச் செய்யாது. அதற்கான நட்டுகளின் உத்தி வேறு: ஸ்பேனர் பிடிக்க இடமே கொடுக்காமல் இருப்பது.

இவற்றில் பெயர் பெற்றது தலை உடையும் நட்டு. கீழ்ப்பாதி வழுவழுப்பான கூம்பு. மேற்பாதி வழக்கமான அறுகோணம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கழுத்து. அறுகோணத்தை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே வந்தால், குறித்த விசை வந்ததும் கழுத்து டக்கென்று ஒடிந்து, அறுகோணம் கையோடு வந்துவிடும். போல்ட்டில் எஞ்சுவது கூம்பு மட்டுமே. பிளையரை வைத்தால் சறுக்கும், ஸ்பேனருக்கு முனையே இல்லை. பொருத்துவதற்குத் தனிக் கருவி வேண்டாம் என்பது இதன் வசதி. ஆனால் எந்த விசையில் ஒடியும் என்பதை நட்டுதான் தீர்மானிக்கிறது, நாம் அல்ல. பெரிய சுமையைத் தாங்கும் இணைப்புக்குத் தேவையான அளவு இதை இறுக்க முடியாது. அதோடு ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருளை நான் ஒரு மாரிகாலத்தில் கற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டத்து லயன்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) தண்ணீர் தரும் ஊற்று, குடியிருப்புக்கு மேலே ஒரு மணி நேர ஏற்றத்தில், காட்டோரம் இருக்கிறது. அதன் தொட்டி மூடியை யாரோ திறந்து அசுத்தம் செய்ததைக் கண்டு கோபத்தோடு சென்று, நானே தலை உடையும் நட்டுகள் ஆறைப் போட்டு மூடிவந்தேன். கார்த்திகை மழையில் மண் சரிந்து தொட்டிக்குள் சேறு நிறைந்தது. குழாயில் தண்ணீர் நின்றது. மூடியைத் திறக்கப் போனோம், திறக்க முடியவில்லை. அந்த உயரத்தில் இரும்பு வெட்டும் கிரைண்டருக்கு மின்சாரம் இல்லை. சுத்தியலும் உளியுமாக, அட்டைக் கடியோடு, கொட்டும் மழையில் ஒவ்வொரு கூம்பாகப் பிளந்தெடுக்கப் பகல் முழுவதும் போயிற்று. அன்று இரண்டு லயன்களில் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடத் தண்ணீர் இருக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து கழுவ வேண்டிய மூடி அது. அதை யோசிக்காமல் பூட்டியது என் தவறு.

அத்தகைய இடத்துக்கு ஏற்றது சாவி நட். கூம்பு வடிவ நட்டின் பக்கங்களில் மூன்று பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் மூன்று பற்களைக் கொண்ட தனிச் சொக்கெற்றால் மட்டுமே அதைத் திருப்ப முடியும். பொருத்தலாம், கழற்றலாம், மறுபடியும் பொருத்தலாம். மேற்பரப்பில் இரண்டு துளைகள் கொண்ட வகையும் உண்டு. ஆனால் கூரிய மூக்குள்ள பிளையரே அதற்குச் சாவியாகிவிடும் என்பதால் அதை நான் நம்புவதில்லை. ஐங்கோண நட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே: வழக்கமான ஸ்பேனரின் இரு தாடைகளும் ஒன்றுக்கொன்று இணையானவை, ஐங்கோணத்தில் இணையான இரு பக்கங்கள் கிடையாது, ஆகவே ஸ்பேனர் பற்றாது. வெளிநாடுகளில் தீயணைப்பு நீர்க்குழாய்களின் வால்வுகளில் இந்த ஐங்கோணத்தைப் பயன்படுத்துகிறார்கள். சாவி நட்டைப் போடுவதென்றால் சாவி இரண்டு வாங்க வேண்டும். ஒன்று குழுவின் தலைவரிடமும் மற்றது தோட்டக் காரியாலயத்திலும் இருக்கட்டும். ஒரே சாவியை வைத்துக்கொண்டு அது தொலைந்தால், சாவி நட்டும் தலை உடைந்த நட்டும் ஒன்றுதான். ஊற்றுத் தொட்டியில் இப்போது சாவி நட்டுகளே இருக்கின்றன.

நட்டை எவ்வளவு காவலாகப் போட்டாலும் மறுபக்கத்தை மறந்துவிடக் கூடாது. உள்ளே காவல் நட், வெளியே சாதாரண அறுகோணத் தலை உள்ள போல்ட் என்று பொருத்தப்பட்ட பெயர்ப்பலகைகளை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். கழற்ற விரும்புகிறவர் தலைப்பக்கத்தைத் திருப்பினால் முடிந்தது. தலை குவிந்து வழுவழுப்பாகவும், தலைக்குக் கீழே கழுத்து சதுரமாகவும் உள்ள கோச் போல்ட் இதற்காகவே இருக்கிறது. மரத்திலோ சதுரத் துளையிட்ட தகட்டிலோ அந்தக் கழுத்து பதிந்துகொண்டால், போல்ட் திரும்பாது. வெளியே பிடிக்கவும் எதுவும் இருக்காது.

காசில்லாத இடத்தில், நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை முனையைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிடுவதும், ஒரு பொட்டு வெல்டிங் வைப்பதும் வழக்கம். இரண்டும் பலன் தரும். ஆனால் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த வலுவான போல்ட்டில் வெல்டிங் வைத்தால் அதன் வலு கெடும். நாகம் (துத்தநாகம்) பூசிய போல்ட்டில் வைத்தால் எழும் வெண்புகை உடம்புக்குக் கேடு, பூச்சும் எரிந்து அந்த இடமே முதலில் துருப்பிடிக்கும்.

இந்த நட்டுகள் எதுவும் கிரைண்டரோடு வருகிறவரைத் தடுக்காது. அவை செய்வது தாமதப்படுத்துவதும் சத்தம் எழுப்பவைப்பதுமே. தெருவிளக்கின் சூரிய மின்கலப் பெட்டிக்கும், சிறுவர் விளையாட்டிடத்துக்கும், பாலத்தின் கைப்பிடிக்கும் அதுவே பெரும்பாலும் போதும்.

காவல் நட்டைப் போடவே கூடாத இடம் ஒன்று உண்டு. ஜன்னல் கிரில். லயன் குடியிருப்புகளில் தீ விபத்துகள் நடக்கின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம்; ஒரு கதவு, ஒரு சிறு ஜன்னல், மரத்தாலான கூரைச் சட்டம், பக்கத்துச் சுவரோடு ஒட்டிய வீடு. அந்த ஜன்னலில் யாராலும் கழற்ற முடியாத நட்டைப் போட்டு, உள்ளே குழந்தைகளைத் தூங்கவைப்பது திருடனுக்குப் பயந்து நெருப்போடு ஒப்பந்தம் செய்வது போலாகும். கிரில்லைக் கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி செய்யுங்கள். முன்பள்ளிகளுக்கும் இதையே சொல்வேன்.

ஆட்டமும் ஆளும் சேர்ந்து வரும் இடங்கள் சில உள்ளன. விளையாட்டிடத்து ஊஞ்சல் அதற்கு உதாரணம்: நாள் முழுவதும் ஆடுகிறது, இரவில் யாராவது கழற்றவும் பார்க்கிறார்கள். ஒரே நட்டில் இரண்டையும் தேடாமல், சுமையைத் தாங்க நைலோன் நட்டைப் போட்டு, போல்ட்டைச் சற்று நீளமாக எடுத்து, அதன்மேல் தலை உடையும் நட்டையோ சாவி நட்டையோ மூடி போல ஏற்றிவிடுவது என் முறை. நைலோன் நட்டின் அறுகோணத்தைப் பக்கவாட்டில் பிடிக்க முடியாதபடி குழிவான வாசர் ஒன்றையோ குழாய்த் துண்டு ஒன்றையோ சுற்றிலும் வைத்துவிட வேண்டும்.

மலைநாட்டுக்கு உரிய சில கவனங்கள்

நுவரெலியா, தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கங்களில் மூடுபனியும் மழையும் மாறி மாறி வருவதால் இரும்பு காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. மின்முலாம் மட்டும் பூசிய பளபளப்பான நட்டு இரண்டு மழைக்காலங்களில் பழுப்பேறிவிடும். வெளிப்புறத்துக்குச் சூட்டு நாகக் குளியலில் தோய்த்த நட்டையோ துருப்பிடிக்காத உருக்கையோ எடுங்கள். துருப்பிடிக்காத உருக்கில் வேறொரு தொல்லை உண்டு: வேகமாக முறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டு, முன்னும் போகாது பின்னும் வராது. கையாலேயே மெதுவாக இறுக்கி, மரையில் இதற்கென விற்கும் செப்புப் பசையைத் தடவினால் தப்பலாம். அலுமினிய நட்டை இரும்புப் போல்ட்டில் போட்டு மழையில் விட்டால் அலுமினியம் வெண்பொடியாகக் கரையும்.

பழைய தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் மரையின் இனத்தையும் பார்க்க வேண்டும். பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் நிறுவிய சிரோக்கோ நிறுவனத்தின் இயந்திரங்களும், கெயின்ஸ்பரோவின் மார்ஷல் இயந்திரங்களும் தேயிலைத் தொழிலுக்கென்றே செய்யப்பட்டவை. அந்தக் காலத்துப் பிரித்தானிய இயந்திரங்களில் இருப்பது ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த அங்குல மரை. அதன் மரைப் பள்ளத்தின் இரு பக்கங்களுக்கும் இடையேயான கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. அரை அங்குல விட்வேர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரைகள். அதே அரை அங்குல அமெரிக்க மரையில் 13. அரை அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட இணையான எம் 12 மரையை அங்குலக் கணக்கில் எண்ணினால் பதினான்கரை வரும். ஒன்றின் நட்டு மற்றதில் இரண்டு சுற்று ஏறும்; ஏறுகிறதே என்று ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் இரண்டு மரைகளும் அழிந்துபோகும். புது நட்டு எதுவானாலும், நைலோனோ நசுக்கிய பகுதியோ தொடும் வரையாவது விரல்களாலேயே தடையின்றி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது அந்தப் போல்ட்டின் சோடி அல்ல.

கடையில் கேட்கும்போது லொக் நட் என்று மட்டும் சொல்லாமல், போல்ட்டின் விட்டம், மரை இடைவெளி, தலையில் பொறித்த எண், இடம் வெளியா உள்ளா, சூடு படுமா, பிறகு கழற்ற வேண்டுமா என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய போல்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எம் 6க்கு 10, எம் 8க்கு 13 என்று ஸ்பேனர் அளவு நிலையானது. எம் 10க்கு 17 அல்லது 16, எம் 12க்கு 19 அல்லது 18 என்று தயாரிப்பைப் பொறுத்து மாறும் என்பதால், ஸ்பேனர் அளவை மட்டும் வைத்து நட்டை வாங்க வேண்டாம்.

நட்டைப் போட்டு முடித்த பிறகு செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது: அதைத் தவறாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய நமது ரயில் பாதையில் இன்றும் ஆட்கள் நடந்து சென்றுதான் தண்டவாள இணைப்புகளைப் பார்க்கிறார்கள். தொழிற்சாலையில் நாங்கள் ஒரு சிறு தூரிகையும் வெள்ளைப் பெயின்றும் வைத்திருப்போம். இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மீதும் தொடங்கி, போல்ட் முனையையும் அடித் தகட்டையும் தொட்டு, ஒரே நேர்கோடாக இழுத்துவிடுவோம். காலையில் சல்லடையை ஓடவிடும் முன், பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒருவன் டோர்ச் லைட்டோடு குனிந்து அந்தக் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவான். நட்டில் உள்ள கோடும் தகட்டில் உள்ள கோடும் எங்கே விலகியிருக்கின்றனவோ, அங்கேதான் அவன் ஸ்பேனரை எடுப்பான்.